மேல் வயல் அரிசி

"பம்ப்பை நிறுத்து!"

கத்திக்கொண்டே வரப்பில் ஓடினேன். இடுப்பில் கைக்குழந்தை ஜும்கி வீரிட்டாள்.

எங்களுக்கு இரண்டு வயல். கீழ் வயலில் எப்போதும் தண்ணீர் நிற்கும், களை வராது. அந்த நெல் விற்க. மேல் வயல் வீட்டுச் சோற்றுக்கு. அதில் ஒரு பிடிகூட வெளியே போகாது. ஒரு வாரமாகக் காயவிட்ட அந்த மேல் வயல் இன்று மறுபடி சேறு. பக்கத்து வயல் பரிதோஷின் தண்ணீர் வரப்பில் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன கான்வென்ட் அண்ணி, காலையிலேயே பூசையா?" பரிதோஷ், என் கணவரின் சிநேகிதன், சிரித்தான். "நெல்லுக்குத் தண்ணி வேணாங்கிற மொத ஆளு நீங்கதான்!"

"பல்லைக் காட்டாத கொழுந்தனாரே! அறுப்பு முடிஞ்சதும் என் பொண்ணுக்குத் தாய்மாமன் ஊட்டப்போற முதல் சோறு இந்த வயலோடது. அதுல விஷத்தைக் கலக்கறியே, நீ மனுஷனா?"

"விஷமா?"

"எங்க மாமனார் உள்ளங்கை மறந்துபோச்சா? ஆணி ஆணியா வெடிச்சு, கறுத்து, எப்படிச் செத்தாரு? எல்லாம் இந்தப் போர் தண்ணில இருக்கிற ஆர்சனிக். மண்ணுல துருவோட ஒட்டிக்கிட்டுச் சும்மா கிடக்கும். தண்ணி தேங்கிட்டே இருந்தா மண்ணுக்குள்ள காத்து போகாது. அப்ப வேரைச் சுத்தியிருக்கிற கிருமிங்க அதை உருமாத்திக் கழட்டி விட்டுடும். வேர் குடிச்சிடும், அரிசிக்கு ஏறிடும். நடுநடுவுல காயவிட்டா மறுபடி துருவுல ஒட்டிக்கும். அதுக்குத்தான் காயவிடறேன். புரியுதா, மரமண்டை?"

அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இதை யாரு சொன்னாங்க?"

"வேளாண்மை ஆபீஸ் கூட்டத்துல. ரெண்டு வருஷம் முன்னாடியே."

"என்கிட்ட யாரும் சொல்லலையே, அண்ணி."

"ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டா சந்தையில நம்ம நெல்லை எவன் வாங்குவான்? நீ கூட்டத்துக்கு வந்திருக்கணும். அன்னிக்கு எங்க, சீட்டாடிட்டு இருந்தியா?"

அவன் போய் பம்ப்பை நிறுத்தினான். மண்வெட்டியால் தன் வயலின் மடையைத் தானே வெட்டிவிட்டான். தண்ணீர் வாய்க்காலில் ஓடியது.

நான் இன்னும் திட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தான். கைகளைத் துடைத்தான், துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"அண்ணி... போன மாசம் எங்க பாப்லுவுக்கு முதல் சோறு ஊட்டினோமே, உங்க வீட்டுல வாங்கின அரிசி. இன்னும் அரை மூட்டை இருக்கு. தினமும் அதைத்தான் குழைச்சுக் குடுக்கறா அவன் அம்மா." இரண்டு வயலையும் பார்த்தான். "அது எந்த வயல் அரிசி?"

ஜும்கி அழுகையை நிறுத்தியிருந்தாள். அவளை இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

"மேல் வயல்தான்," என்றேன்.