இனிமேல் கத்தாது

இதில் ஒரு சொல் பொய்யென்றால், மிச்சமிருக்கும் என் மூன்று பல்லும் இன்றைக்கே கொட்டிப் போகட்டும்.

பகல் ஒரு மணி. எலெக்ட்ரீஷியன் தன் வீட்டு மொட்டைமாடிக்குப் போய், சோலார் இன்வெர்ட்டரில் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றிவிட்டு இறங்கி வந்தார்.

வெயிலில் கரண்ட் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது என்றுதான் தெருவே நினைத்திருந்தது. அந்தச் செட்டிங்கைப் போட்டால், லைனில் வோல்டேஜ் தொய்யும்போது தோள் கொடுத்துத் தூக்கியும் பிடிக்கும்.

அவர் வீடு லைனின் கடைக்கோடி. மதியம் நாலு வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டால் போதும், வோல்டேஜ் படுத்துவிடும். அவர் மனைவியின் ஆக்சிஜன் மெஷின் கீ கீ என்று கத்திவிட்டு நின்றுபோகும். கரண்ட் நிமிரும்வரை அவளுக்கு மூச்சும் அவருக்கு உயிரும் தொண்டையில் நிற்கும்.

அதற்குத்தான் இந்த வைத்தியம். ஐஸ் கம்பெனி, மாவு மில் என்று பதினேழு இடத்தில் போட்டுக் கொடுத்த கை. சொந்த வீட்டுக்கு மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தது.

போட்டதுதான் தாமதம். வருஷக்கணக்காய் இறக்கையை எண்ணும்படி சுற்றிய ஃபேன்களெல்லாம் பேய் பிடித்தாற்போல் சுழன்றன. எதிர்வீட்டு வழுக்கைத்தலைக்காரர், சீவின தலை கலைந்துவிட்டதென்று சண்டைக்கு வந்தார். மூன்றாம் வீட்டு ஃபிரிட்ஜில் பால் உறைந்தது. அதைத் திருட வந்த பூனையின் நாக்கும் உறைந்தது.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"அண்ணே, என்ன வித்தை பண்ணீங்க? நான் துணியே வெக்கல, மெஷின் காலர் தச்சு முடிச்சிருச்சு!"

எலெக்ட்ரீஷியன் காதில் வாங்கவில்லை. உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாயின் முனை தலையணைமேல் கிடந்தது.

ஒன்றரை மணிக்குத் தெருவில் அத்தனை மோட்டாரும் ஓடின. வோல்டேஜ் மீட்டர் முள் இருநூற்று இருபத்தெட்டை விட்டு அசையவில்லை.

"பாத்தியாடி? இனிமே கத்தாது."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவரை ஒரு வார்த்தை பாராட்டிப் பழக்கமில்லாதவள்.

கடைசி மோட்டார் நிற்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

அன்று வியாழக்கிழமை. அவளை அடக்கம் பண்ணியது அதற்கு முந்தின திங்கட்கிழமை.