அந்த அம்மா

"ஒங்க ரெண்டு பேருல யாரு கெட்டின்னு அப்புறம் பாத்துக்கலாம். பாப்பாவுக்குக் கொரோனா இல்ல" என்றார் டாக்டர் அம்சவள்ளி.

இலக்கியாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மடியிலிருந்த ஐந்து மாதப் பெண் குழந்தை, அவளுடைய மாஸ்க் நாடாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூர் வரும்வரை பைக்கில் கணவன் தமிழழகனோடு இதே சண்டைதான். அவன் ஏற்கெனவே கொரோனாவில் படுத்து எழுந்தவன். உடம்பே கற்றுக்கொண்டுவிட்டது, ஊசி எதற்கு என்பான். அவள் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டவள். பொங்கல் முடிந்ததும் இருவருக்கும் ஒன்றாகக் கொரோனாக் காய்ச்சல் வந்தது. அவள் சீக்கிரமே எழுந்துவிட்டாள். அவன் இப்போதுதான் தேறியிருந்தான். ஆனாலும் தோற்றதாக ஒத்துக்கொள்ளவில்லை.

"காய்ச்சல் வந்தாலும் உடம்பு கத்துக்கும் சார். ஆனா அது அடிச்சுச் சொல்லிக்குடுக்கிற வாத்தியாரு. சில பேரு அந்த அடியிலேருந்து எந்திரிக்கவே இல்ல. ஊசி அடிக்காம சொல்லிக்குடுக்கும்" என்றார் டாக்டர்.

இலக்கியாவுக்கு வேறு கேள்வி இருந்தது. ஒரே அறை, ஒரே பாய். குழந்தையை மட்டும் எப்படி விட்டது?

"அதத்தான் ரத்தத்துல பாத்தேன். எதிர்ப்புச் சக்தி நல்லாவே இருக்கு. அம்மா குடுத்தது."

தமிழழகன் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டு கைகூப்பினான். அவர்கள் ஊரில் நோய் பற்றிய பேச்சில் அம்மா என்றால் மாரியம்மன்தான்.

டாக்டர் சிரித்துவிட்டார். "அந்த அம்மா இல்ல சார், இந்த அம்மா" என்று இலக்கியாவைக் காட்டினார். "தாயோட ஒடம்பு கத்துக்கிட்டது தொப்புள்கொடி வழியா புள்ளைக்கும் போயிடும். பொறந்து கொஞ்ச மாசத்துக்குக் காவலா நிக்கும். ஒங்க ஊசிதான் ஜெயிச்சிருக்கு, போங்க."

தமிழழகன் இலக்கியாவைப் பார்த்தான். அவள் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

வெளியே பைக் அருகில் வந்ததும் அவள் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கை இவளைப் பொத்தி வைத்திருக்கிறது. நினைக்கும்போதே அவளுக்கு மேனி சிலிர்த்தது.

"நீங்க கும்பிட்டது சரிதாங்க. இந்த அம்மா இல்ல, அந்த அம்மாதான்."

"அவங்களுக்கு அது காய்ச்சல்ல கெடச்சதா, ஊசியில கெடச்சதா?" என்றான் அவன்.

"அவங்களத்தான் கேக்கணும்."

குழந்தையின் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குவித்துப் பிடித்தபடி, இலக்கியா அரியலூர்ப் பக்கமாகத் திரும்பி நின்றாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரி வாசல் தொட்டிலில் இந்தக் குழந்தையைக் கிடத்திவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போனவளுக்காக.