ஒன்பது மணிக்குப் பிறகு

“உங்கட பாஸ்வேர்டைச் சொல்லுங்கோ, அண்ணை.”

யாரிடமும் பாஸ்வேர்ட் கேட்கக் கூடாது, கேட்கிறவன் கள்ளன் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே குருமூர்த்தி அவளுக்குச் சொல்லியிருந்தார். சொன்னவரிடமே இப்போது கேட்டாள் வெரோனிக்கா.

பீலெஃபெல்டில் குருமூர்த்தியின் கார் ஓட்டப் பள்ளி பதினெட்டு வருடமாக நடக்கிறது. ஊரிலுள்ள நம் ஆட்களில் பாதிப் பேர் அவரிடம்தான் கியர் மாற்றப் பழகினார்கள். அங்கே கணினி வேலைகளைப் பார்ப்பவள் வெரோனிக்கா. மன்னார்க் குடும்பம், வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படி ஏறியவள். வாய் மட்டும் அதற்கு முன்பே பட்டம் வாங்கிவிட்டது. போன மாதம், கலியாணத்துக்குக் கனடா போயிருந்த பெடியனின் கையெழுத்து வகுப்பு வரவுப் பட்டியலில் எப்படி வந்தது என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அதோடு முதலாளி ஒரு கிழமை அவளோடு பேசவில்லை.

அந்த வரவுப் பட்டியல்தான் இப்போது காணாமல் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை கணினிகளுக்குப் புது மென்பொருள் ஏற்றினார்கள். அந்த வேலைக்கு வந்த யூலியா பள்ளிக் கந்தோருக்கு முன்கூட்டியே எழுதியிருந்தாள்: பழைய பாதுகாப்பைக் கழற்றிப் புதியதைப் பூட்டும்வரை கொஞ்ச நேரம் கதவு திறந்துதான் கிடக்கும், கைபேசிக்கு வரும் இரகசிய எண்ணைக் கேட்காது, பெயரும் பாஸ்வேர்டும் இருந்தால் வெளியிலிருந்து எவரும் வரலாம், கவனம்.

அந்த இடைவெளியில் யாரோ வெரோனிக்காவின் பெயரில் உள்ளே வந்து, ஐந்து வருடப் பட்டியலையும் அதன் பிரதியையும் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நாளை அரசாங்கத்திலிருந்து பள்ளியைப் பரிசோதிக்க வருகிறார்கள். என்னத்தைக் காட்டுவேன் என்று காலையிலிருந்தே தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார் குருமூர்த்தி.

கள்ளன் யாரென்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இங்கே ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்துவிட்டு, போட்டிக்கு எதிர்ப்பக்கத்தில் பள்ளி திறந்த றெக்ஸ். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் வெரோனிக்காவும் றெக்ஸும் ஒரே பாட்டுக் குழு. ஆகவே அவனுக்குப் பாஸ்வேர்டைக் கொடுத்தது யாரென்று தனியாக விசாரிக்க வேண்டியதில்லை.

கடிதம்கூடத் தயாராக இருந்தது. என் கவனக்குறைவால் பாஸ்வேர்ட் வெளியே போனது, நானாகவே விலகுகிறேன். கையெழுத்து வைத்தால் பொலிசுக்குப் போகமாட்டார், வைக்காவிட்டால் போவார். பொலிசில் ஒரு பதிவு விழுந்தால் கணினிப் பட்டத்தைக் கசக்கி அதாலேயே கந்தோர் ஜன்னல்களைத் துடைக்கலாம். அம்மா இருபது வருடமாகத் துடைக்கிறா, பழக்கிவிடுவா.

பேனையை அவள் பக்கம் தள்ளிய குருமூர்த்தி, சட்டென்று திரும்ப இழுத்துக்கொண்டார். திங்கட்கிழமை, எட்டேகால். ராகு காலம்.

“ஒன்பது மணிக்குப் பிறகு வை, பிள்ளை. நல்லதோ கெட்டதோ, நேரம் பாத்துத்தான் செய்யோணும்.”

அவர் அப்படித்தான். யாழ்ப்பாணத்து வெயிலுக்குக் கணித்த நேரத்தைப் பீலெஃபெல்ட் மழைக்குள்ளும் பிசகாமல் பார்ப்பார். வெள்ளிக்கிழமை பதினொன்றுக்குத் தொடங்க இருந்த வேலையை யூலியா அவருக்காகவே ஒன்பதுக்கு மாற்றினாள். ஏன் என்று அவளுக்கு விளங்கப்படுத்த அரை மணி நேரம் பிடித்தது.

ஒன்பது மணிவரை சும்மா இருக்க வேண்டிவந்தபோதுதான் வெரோனிக்கா பாஸ்வேர்டைக் கேட்டாள். யார் வந்தார், யார் போனார் என்ற பதிவு முதலாளியின் பெயரில் மட்டுமே திறக்கும்.

“வெக்கமில்லாமல் கேக்கிறாய்.”

“புதன்கிழமை நீங்கள் எங்களிட்டை வெக்கப்பட்டே கேட்டனீங்கள்?”

அதுவும் உண்மைதான். புது மென்பொருளுக்குத் தேவை என்று எல்லோருடைய பாஸ்வேர்டையும் வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு ஒரு கொப்பியில் எழுதி, மேசை லாச்சிக்குள் வைத்திருந்தார். லாச்சியின் பூட்டு றெக்ஸ் இருந்த காலத்திலேயே பழுது.

“என்ர பேரிலை வந்தவனை நானும் ஒருக்காப் பாக்கோணும், அண்ணை.”

குருமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. பதிவில் நிற்பது அவள் பெயர்தானே. தன் பாஸ்வேர்டைத் தானே தட்டித் திறந்து, திரையை அவள் பக்கம் திருப்பிவிட்டார். வடிவாகப் பார் என்றார்.

வடிவாகத்தான் பார்த்தாள். மூன்று வரிகள். 10.30: பழைய பாதுகாப்பு கழற்றப்பட்டது. 12.01: வெரோனிக்கா, வெளியிலிருந்து. 12.15: புதிய பாதுகாப்பு பூட்டப்பட்டது.

இரண்டாம் முறை வாசித்தாள். மூன்றாம் முறை வாசித்தபோது அவள் முகத்திலிருந்த கோபம் போய், அங்கே ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து மடித்தாள். அவருடைய கதிரைக்குப் பின்னால் தொங்கிய நாட்காட்டியை ஆணியிலிருந்து கழற்றினாள்.

“அதை ஏன் எடுக்கிறாய்?”

“பொலிசுக்குக் காட்ட. முறைப்பாட்டை நானே குடுக்கிறன்.”

“றெக்ஸிலையோ?”

“கதவு பத்தரைக்கே திறந்திட்டுது, அண்ணை. ஆனா கள்ளன் உடன வரேல்லை. ஒண்டரை மணித்தியாலம் வெளியிலை காவல் நிண்டு, பன்னிரண்டு அடிச்ச பிறகுதான் உள்ளுக்கை வந்திருக்கிறான். நானும் றெக்ஸும் வேதக்காரர். யூலியாவுக்குச் சாமியே இல்லை.” நாட்காட்டியில் வெள்ளிக்கிழமைக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். “வெள்ளிக்கிழமை ராகு காலம் எத்தினை மணிக்கு முடியுது?”

குருமூர்த்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒன்பது ஆக இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போதே, நாட்காட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் படியிறங்கினாள்.