விட்டுக்கொடுக்கத் தெரிந்தவன்

பிலிப்பைன்ஸின் சிபு நகரில் ஒரு சிறிய நிறுவனத்துக்காகக் குழந்தைகளுக்கான செஸ் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள் மேரிவிக். அதில் தொடக்கக்காரர்களுக்கான மிக எளிய நிலைதான் சரியாக அமையவில்லை. ஆடிப் பார்த்த மகள் லியன் பாதி ஆட்டத்திலேயே எழுந்துவிட்டாள்.

“போம்மா. பெரிய ஆள் மாதிரி ஆடுது, திடீர்னு ராணியைச் சும்மா தூக்கிக் குடுக்குது. வேணும்னே தோக்குது.”

மேரிவிக் கணவனிடம் புலம்பினாள். “திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துல காட்டணும். இவளே ஆட மாட்டேங்கிறா.”

“என்கூட மட்டும் தினமும் ஆடுறாளே,” என்றான் ஜோவன், வாழைப்பழ வறுவலைக் கடித்தபடி.

மேரிவிக்குக்குப் பொறி தட்டியது. அப்பாவும் மகளும் டேப்லெட்டில் ஆடிய ஆட்டங்களை எடுத்துப் பார்த்தாள். ஜோவனின் தவறுகளில் ஓர் ஒழுங்கு இருந்தது. தன் தாக்குதலை மட்டும் பார்ப்பான். தூரத்து மூலையிலிருந்து குறுக்கே வரும் மந்திரியை மறந்துவிடுவான். அதே மறதியை எளிய நிலைக்கும் கற்றுக்கொடுத்தாள்.

லியன் ஆடினாள். ஜெயித்தாள், அடுத்ததில் தோற்றாள். “இன்னொண்ணு ஆடறேன்மா,” என்றாள்.

மேரிவிக் நிம்மதியாகக் கணவன் தோளில் சாய்ந்தாள். “எப்படி ஜோவன் இவ்வளவு இயல்பா விட்டுக்கொடுக்கிறே? அவளுக்குச் சந்தேகமே வரலை.”

ஜோவன் மெல்வதை நிறுத்தினான்.

“விட்டுக்கொடுக்கிறேனா? நான் ஜெயிக்கத்தானே ஆடுறேன்.”