இடஞ்சுழி

இருந்தவர்கள் மூன்று பேர். யன்னலோரக் கதிரையில் பக்கீர் காக்கா. அவருக்கு எதிரே, வாசல் பக்கமாக, நான். அறைக் கதவில் தொங்கிய பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் அவருடைய தங்கை பஸ்லியா, என் சிநேகிதன் முத்தலிபின் மனைவி. கணவனை இழந்தவள் இருக்கும் இத்தாவில் இருந்தபடியால் அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது.

எங்களுக்கு நடுவில், பன்பாயில், முத்தலிபின் காற்றுத் துவக்கு.

அவன் மௌத்தாகி இரண்டாம் மாதம். இனி இங்கே யாருக்கு இது, நீயே கொண்டுபோ என்று பக்கீர் காக்காதான் போன் எடுத்திருந்தார்.

எனக்கு அது வேண்டும். சுடுவதற்கு அல்ல. என் பட்டறைக்கு வேலை கொண்டு பலர் வருவார்கள்; கதைக்க வந்தவன் முத்தலிப் மட்டும். எங்கள் கதையெல்லாம் இந்தத் துவக்கின் ஸ்பிரிங்கைப் பற்றித்தான்.

நாவிதன்வெளி வயலில் அவன் கிளியைச் சுடுவதில்லை. வரம்பில் கட்டிய தகரத்துக்குச் சுடுவான். அந்தச் சத்தத்துக்குக் கிளிகள் எழும்பிவிடும்.

ஆனால் குண்டு தகரத்தில் படவேண்டும். ஸ்பிரிங் விரியும்போது முறுகிக்கொண்டே விரிவதால், துவக்கு கையில் ஒரு பக்கம் திரும்பியது. தடித்த ஸ்பிரிங் போட்டோம். குழலை மடக்கவே தோள்மூட்டு கழன்றது. மெல்லியது போட்டோம், குண்டு பாதி வயலில் விழுந்தது.

நான் எதைச் சொன்னாலும் முத்தலிப் அந்த இடத்தில் பதில் சொன்னதில்லை.

"கேட்டுச் சொல்றன் மச்சான்," என்பான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருவான். பதில் கொண்டு வருவான். கூடவே, பதிலை விடப் பெரிய கேள்வி ஒன்றும் கொண்டு வருவான். யாரிடம் கேட்கிறான் என்று நான் விசாரித்ததில்லை. பொத்துவில் பக்கம் அவனுக்குப் போக்குவரத்து இருந்தது. அங்கே யாரோ கெட்டிக்காரன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஆளில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

கடைசியாகக் கொண்டுவந்த கேள்வி இது: ஒரு நீட்டு ஸ்பிரிங்குக்குப் பதில் இரண்டு கட்டை ஸ்பிரிங். ஒன்று வலஞ்சுழி, மற்றது இடஞ்சுழி. நடுவில் ஒரு வாசர், தட்டை இரும்பு வளையம். முறுக்கை முறுக்குத் தின்றுவிடாதா?

நான் அன்றிரவு சரியாக நித்திரை கொள்ளவில்லை. இடஞ்சுழி ஸ்பிரிங் கடையில் கிடையாது. கம்பி வாங்கி நானே சுற்றிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. மையித்து அடக்கத்துக்குத்தான் நான் போனேன்.

இப்போது துவக்கின் பின்மூடி ஆணியைத் தட்டி எடுத்தேன். ஸ்பிரிங் முகத்துக்குப் பாயாமல் நெஞ்சால் அமத்திப் பிடித்து, மெல்ல மெல்ல விட்டேன்.

வலஞ்சுழி. வாசர். இடஞ்சுழி.

இரண்டு ஸ்பிரிங்கின் முனைகளும் சூடு காட்டித் தட்டையாக்கி, விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்கு அரத்தால் தீட்டப்பட்டிருந்தன. இது முத்தலிபின் கை அல்ல. அவன் ஆணி அடித்தால் விரலில்தான் அடிப்பான்.

பொத்துவில்காரன் நன்றாகச் செய்திருக்கிறான் என்றேன். எந்தப் பொத்துவில்காரன் என்று பக்கீர் காக்கா கேட்டார்.

திரை கொஞ்சம் அசைந்தது.

"காக்கா, அவரிட்டக் கேளுங்க. வாசர்ட ஓரம் உரசுது. அராவிச் சின்னனாக்கினா உள்ளுக்க ஆடுமா எண்டு."

பக்கீர் காக்கா எனக்குப் பின்னாலிருந்த முன்கதவை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"வாசல் உரசுதாம் அல்பேட். உனக்குத் தச்சு வேலையும் தெரியுமா?"

நான் சிரிக்கவில்லை. வாசரை வெளிச்சத்தில் பிடித்தேன். விளிம்பைச் சுற்றி, உரசிய இடம், புதுச் சல்லிக்காசு போல மினுங்கிக்கொண்டிருந்தது.

பொத்துவிலில் யாரும் இல்லை.

திரையைப் பார்த்து வாய் திறந்தேன். பக்கீர் காக்கா செருமினார். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"யோசிச்சு எழுதுறன் எண்டு சொல்லுங்க."

அவர் அதைத் திரைக்குச் சொன்னார். திரையிலிருந்து "ஓம்" என்று வந்தது. அதை அவர் எனக்குச் சொன்னார்.

இருந்தபடியே எல்லாவற்றையும் உள்ளே போட்டு, ஆணியை இறுக்கி, துவக்கைப் பாயில் வைத்தேன். கொண்டுபோகவில்லையா என்று கேட்டார். இது ஆளுள்ள துவக்கு காக்கா என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டேன்.

பின்னேரம் மேசையில் இருந்தேன். "அன்புள்ள முத்தலிப்" என்று கை தன்பாட்டில் எழுதிவிட்டது. அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். பஸ்லியாவின் பெயரை நான் எழுதுவது சரியில்லை. "மதிப்புக்குரிய பக்கீர் காக்காவுக்கு" என்று தொடங்கினேன்.

முதலாவது, வாசரின் உட்துளையைத் தொடவேண்டாம். அதுதான் ஆடாமல் பிடிக்கும். இரண்டாவது, வெளி விளிம்பை மட்டும் சுற்றிவரச் சமமாக அராவவும். மூன்றாவது, கிறீஸ் மிகக் கொஞ்சம், கூடினால் புகைக்கும்.

அதோடு விஷயம் முடிந்தது. பேனையை மூடினேன். பிறகு திறந்தேன்.

நான்காவது: இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே நீளமாக இருக்கவேண்டுமா, அல்லது ஒன்று கட்டையாக இருக்கலாமா?

இதற்குப் பதில் எனக்குத் தெரியும்.

"கேட்டுச் சொல்லவும்" என்று கீழே எழுதி, உறையை ஒட்டி, இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் அந்த வீட்டுக்கென்று முத்திரை ஒட்டித் தபாற்பெட்டியில் போட்டேன்.