கல்லு மாதிரி

"காரு ஷாக் அப்சோர்பர கல்லு மாதிரி இறுக்கிடுங்க பாய்," என்றான் ரூபேந்திரன்.

மாசாயில் பட்டறை வைத்திருக்கும் இர்ஃபான் தயங்கினான். "வளைவுல காரு சாயாது, ரோட்ட ஒட்டிக்கிட்டு ஓடும். ஆனா பின்சீட்ல உக்கார்றவங்களுக்கு இடுப்பு கழண்டுடும் லா."

"பரவால்ல."

இர்ஃபானும் ஓட்டிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, இறுக்கு இறுக்கென்று இறுக்கிக் கொடுத்தான்.

மறுவாரமே ரூபேந்திரன் பல்லெல்லாம் தெரிய வந்து நின்றான்.

"பழையபடி மெத்துன்னு ஆக்கிடுங்க பாய்."

இர்ஃபானுக்குச் சுருக்கென்றது. "ஏன், வளைவுல சரியா நிக்கலயா?"

"அதெல்லாம் சூப்பர். தீபாவளிக்குக் கூலாய் ஊருல இருக்கற முதியோர் இல்லத்துலேருந்து அம்மாவ ஏத்திக்கிட்டு வந்தேன். 'இனிமே என்னைக் கூப்பிட வராதய்யா, இடுப்பு தாங்கல'ன்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க."

சாவியை நீட்டினான்.

"சீக்கிரம் பாய். என் பொண்டாட்டிக்குக் குலுக்கலே ஆகாது."