தூக்க முடியாத கம்ப்யூட்டர்

"லேப்டாப் வேணாம்மா. எடுத்து உள்ள வை" என்றார் நயீம் அகமது.

பிரிசில்லா எடுத்து வைக்கவில்லை. ஆம்பூர் பஜாரில் இந்தக் கம்ப்யூட்டர் கடையில் எட்டு வருஷமாக வியாபாரம் பார்க்கிறாள். முதல் 'வேணாம்'-ஐ எல்லாம் அவள் காதில் போட்டுக்கொள்வதே கிடையாது.

"பாய், மருமக வேலைக்குத்தானே கேக்கறீங்க? வீட்ல இருந்து வேல செய்யறவங்க எல்லாம் இதைத்தான் வாங்கறாங்க. கரண்ட் போனாலும் ஓடும். எங்க வேணா தூக்கினு போய் உக்காந்துக்கலாம்."

"அதுக்குத்தான் வேணாங்கறேன். சுலபத்துல தூக்க முடியாத மாதிரி ஒண்ணு காட்டு."

பக்கத்து ஸ்டூலில் மருமகள் ஹுமேரா உட்கார்ந்திருந்தாள். வாணியம்பாடி காலேஜில் கம்ப்யூட்டர் படித்த பெண். சென்னை கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதும் வேலை கொடுத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும், கம்ப்யூட்டர் சொந்தமாக இருக்க வேண்டும். போன வேலை மூன்றே மாதத்தில் போய்விட்டது, இதுவும் போனால் அப்புறம் யார் கூப்பிடப் போகிறார்கள் என்று, மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதற்குள் பிரிசில்லாவிடம் சொல்லி முடித்திருந்தாள்.

தோல் மண்டி வைத்திருக்கிற மனுஷன். கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்பது அவர் கார்தான். மருமகளுக்கு ஒரு லேப்டாப் என்றால் மட்டும் கை சுருங்குகிறது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுகிற கதை என்று நினைத்துக்கொண்டே பிரிசில்லா ஒரு டெஸ்க்டாப்பைக் காட்டினாள்.

பாய் அதில் ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து, சிபியு பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். பெரிய மானிட்டரையும் ஒரு தரம் அசைத்துப் பார்த்தார்.

"கனமாத்தான் இருக்கு. இதையே போடு."

"கரண்ட் போனா இது நின்னுடும் பாய்."

"வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு. சரி, உள்ள இன்னா போட்டுத் தருவே? விண்டோஸா?"

"ஆமா பாய். எல்லாருக்கும் தெரிஞ்சது அதானே."

"அப்ப அது வேணாம். எங்க வீட்ல வேற யாருக்கும் தெரியாதது எதுனா இருந்தா சொல்லு."

இப்படி ஒரு கேள்வியை எட்டு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.

"லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு. காசு கெடையாது, சும்மாவே ஏத்தித் தருவோம். ஆனா பசங்க ஆடற கேம் பாதி அதுல ஓடாது. பழகாதவங்களுக்கு ஒரே பேஜார்."

"அதையே ஏத்து."

சும்மா கிடைக்கிறது என்றதும் முகத்தைப் பார், என்று பிரிசில்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கு அது தெரியும்க்கா. என் வேலைக்கு அதுவே போதும்" என்றாள் ஹுமேரா.

பாவம், பக்கத்தில் மாமனார் நிற்கும்போது வேறெப்படிச் சொல்வாள்?

"எங்க பாய் வைக்கப் போறீங்க? ஹால்லயா?"

"மாடியில ஒரு ரூம் இருக்கு. கதவு போட்ட ரூம்."

ஹுமேரா கீபோர்டு பார்க்க அடுத்த அலமாரிப் பக்கம் எழுந்து போனாள். பிரிசில்லாவுக்கு அதற்கு மேல் வாயை அடக்க முடியவில்லை.

"கோச்சிக்காதீங்க பாய். நானும் ஒரு வீட்டுக்கு மருமகதான், அதனால சொல்றேன். இந்த மூட்டையத் தலையில கட்டி, பொண்ண மாடியில ஏத்திக் கதவச் சாத்தி வச்சா இந்த வேலையும் போய்டும். கொஞ்சம் ஜாஸ்தி போட்டா நல்ல லேப்டாப்பே வாங்கலாம்."

நயீம் அகமதுக்குக் கோபம் வரவில்லை.

"போன வேலைக்கு லேப்டாப்தான் வாங்கிக் குடுத்தேன். நீ காட்டினதவிட உசத்தி. ஒரு நாளாவது ஒரே எடத்துல உக்காந்து வேல செஞ்சாளா? அடுப்பு மேடை மேல அதை வச்சினு ஒரு கையால கறி கிண்டுவா, ஒரு கையால தட்டுவா. யாரு கூப்டாலும் அதத் தூக்கினே ஓடி வருவா. எம் பிள்ளை சுஹேல் மண்டியில இருந்து வந்தான்னா, கேம் ஆட அவன் தூக்கினு போய்டுவான். அவ செய்யறது வேலைன்னே எங்க வீட்ல யாருக்கும் தோணல."

பிரிசில்லா பில் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மண்டியில தோல் தரம் பிரிக்கறவன் மேஜை கிட்ட நின்னுட்டான்னா, முதலாளி நானே அவனக் கூப்பிட மாட்டேன். ஒரு தோல் மாறினா மொத்த லாட்டும் போச்சு. மேஜை கிட்ட நிக்கற ஆளுக்கு அந்த மரியாத. இவளுக்கும் ஒரு மேஜை போட்டுடலாம்னு பாத்தேன்."

பிரிசில்லாவின் குரல் இறங்கிவிட்டது. "அப்படி ஓயாம கூப்பிடறது யாரு பாய், மாமியாரா?"

"அவ மவுத்தாகிப் போய்ச் சேந்து நாலு வருஷம் ஆவுது. டீ குடு, வெந்நி குடு, மாத்திரை எங்கன்னு கூப்ட்டுக் கூப்ட்டே அந்த வேலைய ஒழிச்சது நாந்தாம்மா. மாடிக்கு என் கொரலும் எட்டாது, இந்த முட்டிய வச்சினு என்னால ஏறவும் முடியாது."